எண்பத்தொன்பதை வெட்டியவன்

உள்ள வாங்க சார். செருப்பு பரவால்ல, போட்டுக்கிட்டே வாங்க. அந்தச் சேர்ல வாணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், கரண்டு கம்மி. புஷ்பா! சார் வந்திருக்காரு பாரு. மெட்ராஸ்லேருந்து வந்திருக்காரு, பழைய ரயில் இன்ஜினைப் பத்தியெல்லாம் தெரிஞ்சவரு. டீ போடு. சக்கரை போடலாமா சார்? போடலாமாம் புஷ்பா!

வரமாட்டா. டீ மட்டும் வரும். புது ஆளு யாரு வந்தாலும் அவ அடுப்பங்கரைதான். ஆனா காது இங்கதான் இருக்கும். அதுக்காகத்தான் டீக்கடையில வெச்சிப் பேசாம உங்களை வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். கோச்சுக்காதீங்க.

எம்பத்தொம்பதைப் பத்தி இங்க யாருக்குத் தெரியும்னு நீங்க கேட்டதுமே டீ மாஸ்டர் என்னைக் கை காட்டிட்டாரு. சரியாத்தான் காட்டினாரு. இந்த விழுப்புரத்துல அந்த இன்ஜினைப் பத்தி நல்லாத் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். ஓட்டினவருக்குத் தெரியும், வெட்டினவனுக்குத் தெரியும். ஓட்டினவரு என் மாமனாரு, போய்ச் சேந்துட்டாரு. வெட்டினவன் நான்.

எல்லாத்தையும் சொல்றேன். ஒண்ணும் ஒளிக்க மாட்டேன். கேமராவைப் பாத்துப் பேசணும்னாலும் பேசறேன். பதிலுக்கு நீங்க எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அந்தக் காலத்துப் பெரிய ஆபீசருங்களையெல்லாம் தேடிப் போயிப் பேசினதா வழியில சொன்னீங்களே, அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் வெட்டலன்னாலும் அந்த இன்ஜின் நின்னிருக்காது, எப்பிடியும் அதை ஒடைச்சித்தான் இருப்பாங்க. இதை நீங்க சொல்லணும். கொஞ்சம் சத்தமா, உள்ள கேக்கற மாதிரி. அவ்வளவுதான், வேற ஒண்ணும் வாணாம்.

எம்பத்தொம்பதுங்கறது முழு நம்பர் இல்ல, உங்களுக்கே தெரியும். ஷெட்டுல கடைசி ரெண்டு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. மீட்டர் கேஜ் வண்டி. அது புதுசா வந்தப்ப என் மாமனாரு ஃபயர்மேன், கரி அள்ளிப் போடற வேலை. அப்பறம் டிரைவர் ஆனாரு. அந்தக் காலத்துல ஒரு டிரைவருக்கு ஒரு இன்ஜின்னு குடுத்துடுவாங்களாம். இவருக்கு வந்தது இது. ஏகாம்பரம்னு பேரு. ஸ்டேஷன் பக்கம் போயி டிரைவர் ஏகாம்பரம்னு கேட்டா முழிப்பாங்க, எம்பத்தொம்பது ஏகாம்பரம்னு கேட்டா வீடு வரைக்கும் கொண்டாந்து விடுவாங்க.

அவரு வெச்சிருந்த மாதிரி எவனும் இன்ஜின் வெச்சிருந்ததில்ல. அதை நானே சொல்லுவேன், உள்ளதைச் சொல்றதுல எனக்கென்ன? பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்ப்பாரு. ரயில்வேயில குடுக்கற துணி பத்தாதுன்னு வீட்டுலேருந்து பழைய வேட்டியைக் கிழிச்சி எடுத்துக்கிட்டுப் போவாரு. என் மாமியாரு பொடவைங்க கூடப் போயிருக்குது. ஆயுத பூஜைக்கு வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு, சந்தனம் தெளிச்சி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சி, பொண்டாட்டி புள்ளையை மேல ஏத்திக்கிட்டு ஷெட்டுக்குள்ளயே ஒரு ரவுண்டு. புஷ்பா சின்னப் புள்ளையில அதுல நின்னு விசில் கயித்தை இழுத்தவ. கல்யாணம் ஆன புதுசுல சொல்லியிருக்கா.

அந்த விசிலு. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு ஊது இருக்கும் சார். இவருது குட்டியா ரெண்டு, அப்பறம் நீளமா ஒண்ணு, அது கடைசியில கொஞ்சம் தழைஞ்சி நிக்கும். ஊருக்கு வெளிய வண்டி வரும்போதே அதைக் கேட்டுட்டு என் மாமியாரு அரிசி களையுமாம். அவரு இன்ஜினை ஷெட்டுல விட்டு, கையெழுத்துப் போட்டு, நடந்து வீட்டுக்கு வர்றதுக்கும் சோறு எறக்கறதுக்கும் சரியா இருக்கும்.

நல்லாத்தான் ஓடிச்சி. திருச்சி, மாயவரம், பாண்டிச்சேரி, காட்பாடி. ஒரு புயல் வருசம் கடலூர் பக்கம் தண்டவாளமே தெரியாம தண்ணி நின்னிச்சாம். முன்னாடி ஒரு ஆளைக் கழியால குத்திப் பாத்துக்கிட்டே நடக்க விட்டு, அவன் பின்னாடியே ஊர்ந்து வந்து, வண்டி நெறைய ஜனங்களைக் கொண்டாந்து எறக்கினாரு. அப்பறம் டீசல் வந்திச்சி. எக்ஸ்பிரஸ் பூரா அதுக்குப் போயி, எம்பத்தொம்பது பாசஞ்சருக்கு எறங்கிச்சி. பாசஞ்சர்லேருந்து கூட்ஸ். கூட்ஸ்லேருந்து யார்டுல பெட்டி தள்ற வேலை. இவரு ரிட்டையர் ஆன பெறகு அதை ஷெட்டு மூலையில நிறுத்தி, ஆவி எடுக்கறதுக்காக மட்டும் நெருப்பு போட்டு வெச்சிருந்தாங்க. ஓடவே ஓடாது, நின்ன எடத்துல பொகைஞ்சிக்கிட்டே இருக்கும். இவரு தினம் சாயங்காலம் போயிப் பாத்துட்டு வருவாராம். எனக்கு அதெல்லாம் அப்ப தெரியாது. எங்களுக்குள்ள பேச்சே கிடையாது.

ஏன்னா நான் அவரு பொண்ணைக் கட்டிக்கிட்டேன். பாண்டி ரோட்டுல ஒரு பட்டறையில கேஸ் கட்டிங் பண்ணிக்கிட்டு இருந்தேன், கேஸ் நெருப்பால இரும்பை வெட்டற வேலை. எதுத்தாப்புல டைப் இன்ஸ்டிடியூட், அங்க இவ வருவா. மீதியை நீங்களே போட்டுக்குங்க. எனக்குப் பெரியவங்கன்னு யாரும் இல்ல, பொண்ணு கேட்டு நானே போனேன். அவரு வாசல்லயே நிக்க வெச்சி என் ரெண்டு கையையும் பாத்தாரு. பாத்துட்டுச் சொன்னாரு: "நான் ஓட்டறவன். நீ வெட்டறவன். நமக்குள்ள ஒத்து வராது, போப்பா." அவ்வளவுதான். சத்தம் கூடப் போடல.

அதை நான் அன்னைக்கே மறந்துட்டேன் சார். நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தாரு. பாக்கெட்டுல கண்ணாடிக் கூடு. "போப்பா"ன்னு சொல்லும்போது கதவு மேல ஒரு கை வெச்சிக்கிட்டாரு, நான் உள்ள பூந்துடுவேன்ற மாதிரி. அன்னைக்கே மறந்துட்டேன். மனுசன்னா அப்பிடித்தான் இருக்கணும், எதையும் மனசுல வெச்சிக்கக் கூடாது.

திருவந்திபுரம் கோயில்ல கல்யாணம். அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, முகூர்த்த நாள்னா வரிசையில நின்னு தாலி கட்டிக்கிட்டு வரணும். வேன்ல திரும்பி வர்றோம். பண்ருட்டிக்கிட்ட ஒரு ரயில்வே கேட்டு மூடியிருக்குது. மாலையைக் கூட இன்னும் கழட்டல. வந்தது எந்த இன்ஜின்னு நெனைக்கிறீங்க? இவரேதான், ஜன்னல்ல முழங்கையை ஊணிக்கிட்டு வராரு. இவ மாலையோட எறங்கி ஓடிப்போயி கேட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டா. அவரு பாத்தாரு, நல்லாப் பாத்தாரு. ஒரு கை ஆட்டல, தலையை அசைக்கல. விசில் மட்டும் அடிச்சாரு. குட்டியா ரெண்டு, நீளமா ஒண்ணு. திரும்பவும் குட்டியா ரெண்டு, நீளமா ஒண்ணு. கேட்டைத் தாண்டி, கடைசிப் பெட்டி மறைஞ்ச பெறகும் ஊதிக்கிட்டே போறாரு.

இவ அழறா. "எங்கப்பா ஊதறாரு, எங்கப்பா ஊதறாரு"ன்னு அழறா. நான் சொன்னேன், "கேட்டு வந்தா ஊதித்தான் ஆவணும், அது ரூலு. ஊதலன்னா மெமோ குடுத்துடுவான்." உண்மைதானே சார்? நீங்களே சொல்லுங்க, கேட்டுல ஊதணுமா வாணாமா? அன்னைக்கு முழுக்க இவ என்கிட்டப் பேசல. கல்யாணத்தன்னைக்கே. உள்ளதைச் சொன்னா பொம்பளைங்களுக்குப் புடிக்கறதில்ல.

ம், டீ வந்திடுச்சி. வெச்சிட்டுப் போ. பாத்தீங்களா, நிமுந்து கூடப் பாக்காம போறா. எடுத்துக்குங்க சார், ஆறிடும்.

பதினோரு வருசம் அவரு இந்த வாசப்படி மிதிக்கல. மாமியாரு செத்தப்ப இவ மட்டும் போனா, நான் தெருமுனையில நின்னுட்டு வந்துட்டேன். பையன் பொறந்தான், அப்பவும் வரல. பையனுக்கு ஏகாம்பரம்னு இவ பேரு வெச்சா. நான் தடுத்தேனா? தடுக்கலயே. மனசுல எதனா இருந்தா தடுத்திருப்பேன் இல்ல? நான் "டேய்"னுதான் கூப்பிடுவேன், அது வேற விஷயம்.

அப்பறம் அந்த வெயில்காலம் வந்திச்சி. கரி வண்டியை மொத்தமா நிறுத்திட்டாங்க. அக்கம்பக்கத்து ஷெட்டுலேருந்தெல்லாம் இழுத்துக்கிட்டு வந்து, ஊருக்கு வெளிய ஒரு பழைய யார்டுல வரிசையா நிறுத்தினாங்க. ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளைப் பெயின்ட்டுல ஒரு பெருக்கல் குறி. கண்டம்னு அர்த்தம், இனிமே ஓடாது. வெளியூர் கான்ட்ராக்டர் ஒருத்தரு ஏலத்துல எடுத்து, வெட்டி லாரில ஏத்தறதுக்கு ஆள் தேடினாரு. சவரிமுத்துன்னு மேஸ்திரி, அவரு வந்து என்னைக் கூப்பிட்டாரு. நான் நல்ல கட்டர் சார். சாக்பீஸ்ல ஒரு கோடு கிழிச்சா அந்தக் கோட்டு மேலயே வெட்டுவேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவாது.

எங்களுக்குன்னு ஒரு மொறை இருந்திச்சி. சும்மா போயி கேஸ் டார்ச்சை வெச்சிட மாட்டோம். மொதல்ல சூடம் ஏத்தி, ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கி, தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் ஆரம்பிக்கிறது. ஆரம்பிக்கிறதும் பின்னாலேருந்துதான். மொதல்ல கரி கொட்டி வெக்கிற டெண்டரு பெட்டி, அப்பறம் டிரைவர் நிக்கற கூண்டு, அப்பறம் பாய்லரு. முன்னாடி வட்டமா நம்பரோட ஒரு கதவு இருக்குமே, அதுதான் மூஞ்சி. அதைக் கடைசியாத்தான் தொடணும். சவரிமுத்து சர்ச்சுக்குப் போறவரு, சூடத்துக்கெல்லாம் கிட்ட வர மாட்டாரு. ஆனா மூஞ்சி விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. "அதுக்குத் தெரியாம வெட்டணும்டா. பின்னாலேருந்து வா"ம்பாரு. இரும்புக்கு என்ன தெரியும்? ஆனாலும் நாங்க யாரும் மீறினதில்ல.

வயசான டிரைவருங்க வருவாங்க. வந்து அவங்கவங்க வண்டிக்கிட்ட நின்னு கொஞ்ச நேரம் அழுதுட்டு, ஒரு வாட்டி தொட்டுட்டுப் போயிடுவாங்க. மறுநாள் வர மாட்டாங்க. இவரு மட்டும்தான் தினம் வந்தாரு. கையில எண்ணெய்க் கேனு, பழந்துணி. இன்னும் கொஞ்ச நாள்ல துண்டு துண்டாப் போவப்போற இன்ஜினுக்கு உக்காந்து எண்ணெய் போடறாரு சார்! சக்கரத்தைப் புடிச்சிக்கிட்டு நீளமா தண்டு ஓடுமே, அதுக்கு ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய். அப்பறம் தொடைப்பாரு. பெருக்கல் குறியை மட்டும் தொடைக்க மாட்டாரு, அது கவர்மென்ட்டு போட்டது. பசங்க சிரிப்பானுங்க. "டேய் கன்னியப்பா, உங்க மாமனாரு வண்டியை எடுக்கப் போறாருடா, வழி வுடு"ம்பானுங்க. எனக்கு எப்பிடி இருக்கும்? அவரு அந்த ஓரம், நான் இந்த ஓரம். ஒரு வார்த்தை கிடையாது. என்னைப் பாக்க மாட்டாரு. நான் வெட்டற சத்தம் கேட்டா மட்டும் கை கொஞ்சம் நிக்கும்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிஞ்சி கை கால் கழுவிக்கிட்டு இருக்கேன். வாசல்ல நிக்கிறாரு. இதோ, இந்த எடத்துலதான். இவ கையில இருந்த பாத்திரத்தைக் கீழ போட்டுட்டா. பையனை இழுத்து வெச்சி "தாத்தாடா, தாத்தாடா"ங்கறா. அவரு உள்ள வந்து நீங்க உக்காந்திருக்கற எடத்துல உக்காந்தாரு. இவ காப்பி குடுத்தா, குடிச்சாரு. பதினோரு வருசம் கழிச்சி மக கையால காப்பி. அப்பறம் என்னைப் பாத்தாரு.

"மாப்ள"ன்னாரு.

அதுவரைக்கும் என்னை அப்பிடிக் கூப்பிட்டதில்ல. "மாப்ள, பெரிய ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். ஒரு இன்ஜினை எடுத்து ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தப் போறாங்களாம், ஜனங்க பாக்கறதுக்கு. ஆபீசருங்க வந்து பாத்துதான் முடிவு பண்ணுவாங்களாம். அவங்க வர்ற வரைக்கும் எம்பத்தொம்பதை மட்டும் தள்ளிப் போடு. கடைசியா வெச்சிக்க. அவங்க வாணாம்னுட்டா நானே நின்னு சூடம் ஏத்தித் தரேன், வெட்டிக்க." இதைச் சொல்லும்போது என் கையைப் புடிச்சிக்கிட்டாரு சார். அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தாரே, அதே கையை.

நான் "சரி"ன்னேன்.

இவ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. அன்னைக்கு இவ மொகத்தைப் பாத்திருக்கணும் நீங்க. என் தட்டுல ரெண்டு மீன் துண்டு கூட வெச்சா. ஆனா சார், "சரி"ன்னா என்ன அர்த்தம்? நாம பேச்சுக்கு நூறு தடவை "சரி சரி"ங்கறோம். அது சத்தியம் ஆயிடுமா? சத்தியம் பண்ணு மாப்ளன்னு அவரு கேக்கல. நானும் பண்ணல.

மறுநாள் காலையில அதைத்தான் எடுத்தேன்.

இருங்க, அப்பிடிப் பாக்காதீங்க, காரணம் இருக்குது. வரிசையில அதுக்கு முன்னாடி வேற வண்டிங்க நின்னது உண்மைதான். ஆனா வெயில் தாங்கல, எம்பத்தொம்பது நின்ன எடத்துலதான் ஒரு வேப்பமரத்து நெழலு. அதுவுமில்லாம அன்னைக்கு கிரேன் வந்திருந்திச்சி, கிரேன் அந்தப் பக்கம்தான் நின்னிச்சி. சவரிமுத்துதான் சொன்னாரோ என்னவோ. இல்ல, அவரு சொல்லல. அவரு அன்னைக்கு லேட்டா வந்தாரு. அவரு வர்றதுக்குள்ள நான் ஆரம்பிச்சிட்டேன்.

மூஞ்சியிலேருந்து ஆரம்பிச்சேன். கேஸ் ட்யூப் நீளம் பத்தல சார். சிலிண்டரு வெச்ச தள்ளுவண்டி இன்ஜினுக்கு முன்பக்கம்தான் நின்னிச்சி, அதைத் தள்ளிக்கிட்டுப் பின்னால போவணும்னா ஆள் வேணும். சூடமும் ஏத்தல, தீப்பெட்டி நமத்துப் போயிருந்திச்சி. டார்ச்சை எப்பிடிப் பத்த வெச்சேன்னு நீங்க கேப்பீங்க. அதுக்கு வேற லைட்டரு. சவரிமுத்து தூரத்துலேருந்து "டேய், அங்க இல்லடா, அங்க இல்லடா"ன்னு கத்திக்கிட்டே ஓடியாந்தாராம். டார்ச்சு சத்தத்துல எனக்குக் காதுல விழல.

நம்பரோட அந்த வட்டக் கதவு தனியா வந்து மண்ணுல விழுந்திச்சி. நிமுந்து பாத்தா அவரு நிக்கிறாரு. எண்ணெய்க் கேனும் துணியும் கையில.

ஏதாவது திட்டுவாருன்னு பாத்தேன். திட்டட்டும்னுதான் நின்னேன். "ஏண்டா வெட்டறவனே"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், எங்கிட்டயும் பதினோரு வருசமா ஒரு வார்த்தை இருந்திச்சி. அவரு கேக்கல. கீழ குந்தி, அந்தக் கதவு மேல படிஞ்சிருந்த கரியைத் துணியால தொடைச்சாரு. நம்பர் தெரியற வரைக்கும் தொடைச்சாரு. அது இன்னும் சூடு ஆறல, கை சுட்டிருக்கும், எடுக்கல. அப்பறம் எழுந்து என்கிட்ட வந்தாரு. "மாப்ள, கீழ மூட்டுக்கெல்லாம் நேத்து நெறைய எண்ணெய் போட்டிருக்கேன். பத்திக்கும். பாத்து வெட்டு." சொல்லிட்டுத் திரும்பி நடந்துட்டாரு. எண்ணெய்க் கேனை எடுத்துக்கிட்டுப் போவல. அங்கயே வெச்சிட்டுப் போயிட்டாரு.

இதோ பாருங்க, இந்தக் கையை. முழங்கை வரைக்கும் எப்பிடி இருக்குது பாத்தீங்களா? மத்தியானம் அந்தத் தண்டுல டார்ச்சை வெச்சேன். குப்புன்னு பத்திக்கிச்சி. அவரு போட்ட எண்ணெய்தான். சொன்னாரு, இல்லங்கல, பாத்து வெட்டுன்னு சொன்னாரு. ஆனா இதுக்கு யாரு பொறுப்பு? கண்டம் பண்ண இன்ஜினுக்கு எவனாவது எண்ணெய் போடுவானா? ஒரு மாசம் கையைத் தூக்க முடியல. சுட்டது எனக்கு. அதை யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டேங்கறாங்க.

அவரு அதுக்கப்பறம் யார்டு பக்கமே வரல. வீட்டுலேருந்தே வெளிய வரலன்னாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள போயிட்டாரு. டாக்டர் ஹார்ட்டுன்னாரு. ரொம்ப வருசமாவே இருந்திருக்கும், கரி அள்ளின ஒடம்பு. நான் கொள்ளி வெக்கிறேன்னு சொன்னேன், பையன் சின்னவன்தானே. இவ வாணாம்னுட்டா. ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தனைக் கூப்பிட்டு வெக்கச் சொன்னா. என் கைக் காயத்துக்காகச் சொல்லியிருப்பா.

ஒரு ஜீப்பு வந்தது உண்மைதான். அதையும் சொல்லிடறேன், ஒளிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே. நான் கைக் கட்டோட திரும்ப வேலைக்குப் போன சமயம். ரெண்டு பேரு எறங்கி, வரிசையைப் பாத்துக்கிட்டே ஒண்ணொண்ணா நம்பரைப் படிச்சிக்கிட்டுப் போனாங்க. கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து சவரிமுத்து கிட்ட என்னவோ கேட்டாங்க. அவரு கையை விரிச்சாரு. கொஞ்ச நேரம் நின்னாங்க, அப்பறம் ஏறிப் போயிட்டாங்க. எதைத் தேடினாங்கன்னு நான் கேட்டுக்கல. எனக்கு வேலை இருந்திச்சி. இன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல பாத்தீங்க இல்ல? ஒண்ணும் இல்ல, ஆட்டோதான் நிக்குது.

இதுல என் தப்பு எங்க சார்? எல்லாத்தையும் வெட்டினோம். ஒண்ணு கூட மிஞ்சல. இது மட்டும் மிஞ்சிடுமா? ஒரு வாரம் முன்ன, ஒரு வாரம் பின்ன, அவ்வளவுதானே?

இவளைத்தான் எனக்குப் புரியல. சண்டை போடல. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லல, போறதுக்கு வீடும் இல்ல. மறுநாளும் சமைச்சா, என் கைக்கு மருந்து போட்டா, புள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பினா. முப்பது வருசம் ஆவுது. இன்னைக்கு வரைக்கும் "ஏன் பண்ணீங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்தக் காலையில என்ன நடந்திச்சின்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். நெழலைப் பத்தி, ட்யூப்பைப் பத்தி, எல்லாம் சொல்லியிருப்பேன். எத்தனையோ நாள் சாப்பிட உக்காந்துட்டு, இன்னைக்குக் கேப்பா, இன்னைக்குக் கேப்பான்னு பாத்திருக்கேன். கொழம்பு போதுமான்னுதான் கேப்பா. கேக்கலன்னா கோவம் இல்லன்னுதானே அர்த்தம்? கோவம் இருக்கறவ கேப்பா இல்ல?

ஆனா மனசுக்குள்ள ஒரு இது இருக்கும் இல்ல? அதைத்தான் நீங்க தீத்து வெச்சிட்டுப் போவணும். நான் சொன்னா எடுபடாது. நீங்க படிச்சவரு, விசாரிச்சவரு. டீ குடிச்சாச்சா? அப்ப சொல்லுங்க சார். அந்த ஆபீசருங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க? எம்பத்தொம்பது எப்பிடியும் போயிருக்கும்னுதானே?

என்ன சார், டம்ளரையே பாக்கறீங்க? சத்தமாச் சொல்லுங்க. இத்தனை இன்ஜின் இருக்கும்போது அந்த ஒரு நம்பரை மட்டும் கேட்டுக்கிட்டு இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்கன்னு நானும் வழியெல்லாம் நெனச்சிக்கிட்டே வந்தேன். ஒரு காரணம் இருக்கும் இல்ல? சொல்லுங்க.

புஷ்பா? நீ எதுக்கு எழுந்து வந்த? சாரு பேசறாரு, இரு.

"சார், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. எதுவா இருந்தாலும் வாணாம். நான் இவரையும் கேட்டதில்ல, வேற யாரையும் கேட்டதில்ல. ஜீப்புல வந்தவங்க என்ன கேட்டாங்கன்னு சவரிமுத்தண்ணன் இந்த வாசல் வரைக்கும் சொல்ல வந்தாரு. அவரையும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். தெரியாம இருக்கறதாலதான் சார் இந்த மனுசனுக்கு நான் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சிட்டா எப்பிடிப் போடறது? உங்களுக்குப் புண்ணியமாப் போவும், டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

போயிட்டா. பாத்தீங்களா, முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் சார் அதைப் பத்தி வாயைத் தொறந்திருக்கா. நீங்க வந்த நேரம். அதுவும் உங்ககிட்டத்தான் பேசினா, என்னைப் பாக்கல.

சவரிமுத்து இங்க வந்தாரா? எப்ப வந்தாரு? என்கிட்ட அவரு சொல்லவே இல்லையே. அவரு செத்தும் வருசம் ஆயிடிச்சி. அப்ப அந்த ஜீப்பு...

இருங்க சார், எழுந்துக்காதீங்க. அவ கெடக்கறா. அவளுக்குக் கேக்க வாணாம், மெதுவா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவங்க வரிசையில தேடினது, அந்த நம்பரைத்தானா? இல்ல வேற...

வாணாம் சார். சொல்லாதீங்க. நீங்க கெளம்புங்க. நான் அவ கையாலதான் சாப்பிடணும்.